பழைய இராணுவ லாரியின் மூச்சு

(சங்கத்தின் இளைஞர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் நமக்கு முன்னர்ப் பேசிய அறிஞர்கள் கம்பனின் கவிநயத்தையும் இளங்கோவடிகளின் காவியச் சுவையையும் எடுத்துரைத்தார்கள். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நமக்கு அத்தகைய தகுதி இல்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பழைய இராணுவ லாரி. அதிலும், அதன் எஞ்சினுக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்பதை அளந்து பார்க்கும் விஷயம். செயலாளர் இதைக் கேட்டதும் சற்றுத் திகைத்தார். "தாய்மார்களும் வருவார்களே, இது சுவைப்படுமா?" என்றார். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் கரைந்து போகவிருந்த கதை இதற்குள் அடங்கியிருக்கிறது என்று சொன்ன பிறகே இசைந்தார். ஆகவே, தாய்மார்களும் சற்றுப் பொறுமையோடு செவிசாய்க்க வேண்டுகிறோம்.

நாம் வாழும் இந்த ஜபல்பூருக்கும் இராணுவ லாரிக்கும் உள்ள உறவு நீங்கள் அறியாததன்று. 1904-ஆம் ஆண்டில் இங்கே பீரங்கி வண்டித் தொழிற்சாலை ஏற்பட்டது. 1969-இல் வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. இவற்றில் வேலை பார்க்க வந்த தந்தையர், பாட்டனார் வழியில் இங்கே வேரூன்றிய குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஜெர்மனியின் மான் நிறுவனத்தாரிடம் உரிமை பெற்று 1950-களின் இறுதியில் செய்யத் தொடங்கிய 'சக்திமான்' லாரி, இந்த ஊரின் பெயரை எல்லைப்புறம் வரை கொண்டு சென்றது. 1971-ஆம் ஆண்டுப் போரிலும் அது சுமை சுமந்தது. 1990-களில் அதன் உற்பத்தி நின்று, அதனிடத்தை 'ஸ்டாலியன்' முதலிய வண்டிகள் பிடித்தன. அந்த ஸ்டாலியன் சென்னை எண்ணூரில் தோன்றிய அசோக் லேலண்டு நிறுவனத்தாரின் வடிவமைப்பு என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

இராணுவத்தில் உழைத்து முடித்த வண்டிகள் ஏலத்திற்கு வருவது வழக்கம். அவ்வாறு வந்த சக்திமான்களில் பல, நாட்டின் பல பகுதிகளிலும் பழுதான வண்டிகளை இழுக்கும் கிரேனாகவும், தண்ணீர் சுமக்கும் டாங்கராகவும் மறுபிறவி எடுத்தன. 2011-ஆம் ஆண்டில் நமது காலனியிலும் ஒன்று வந்து சேர்ந்தது. நமது அலுவலகத்து நண்பர் ஒருவரின் மூத்த மகன், ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து அதை விலைக்கு வாங்கி, டாங்கி பொருத்தி, கோடைக் காலத்தில் புதுக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் கொண்டு சென்றான். கோடை முழுவதும் குறையொன்றும் இல்லை. பையன் வீட்டுச் செலவுக்குத் தாயார் கையில் பணம் கொடுக்கத் தொடங்கினான். தந்தையும் மகிழ்ந்தார்.

மார்கழி பிறந்தது. நர்மதைக் கரையின் குளிரை உங்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. காலை வேளைகளில் லாரி எழுந்திருக்க மறுத்தது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் முக்கி முனகும், புகைக்குழாய் வழியே வெண்புகை சூழும், அவ்வளவுதான். நண்பகல் வெயிலில், வேறொரு வண்டியால் இழுத்துவிட்டால் ஒருவாறு எழுந்திருக்கும். எழுந்த பின்னும் சில நிமிடங்கள் நொண்டிக்கொண்டே ஓடும். சூடேறிய பிறகு ஒழுங்குபடும். காலையில் வர வேண்டிய தண்ணீர் மாலையில் வந்தால் யார் வாங்குவார்கள்? வாடிக்கைகள் ஒவ்வொன்றாகக் கைநழுவின.

மிஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். காதைக் கொடுத்துக் கேட்டார், புகையை முகர்ந்தார், "இஞ்சன் கத்தம்" என்று இரண்டே சொல்லில் தீர்ப்பளித்தார். ஆறு லைனர், ஆறு பிஸ்டன், ரிங்குகள், பேரிங்குகள் யாவற்றையும் மாற்ற வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தார். லாரி வாங்கிய விலையில் பாதியை அது விழுங்கிவிடும் போலிருந்தது. நண்பரிடம் இருந்ததோ பிராவிடண்ட் பண்டு ஒன்றுதான். அதுவும் மகளின் திருமணத்திற்காக அவர் தொடாமல் வைத்திருந்தது.

இனி, கம்ப்ரஷன் என்றால் என்ன என்பதைச் சிறிது பார்ப்போம். தமிழில் அமுக்கம் எனலாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நாம் எல்லோரும் தொட்டு உணர்ந்திருக்கிறோம். காற்றை வேகமாக அமுக்கினால் அது சூடாகும், இதுவே அடிப்படை. மலேயா முதலிய தென்கிழக்காசிய நாடுகளில் மக்கள் தீக்குச்சி வருவதற்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். ஒரு சிறு குழலுக்குள் பஞ்சு போன்ற பொருளை வைத்து, இறுக்கமான தண்டினால் சட்டென்று அமுக்கி நெருப்பு உண்டாக்கினார்கள்.

டீசல் எஞ்சினும் அந்தக் குழலின் பெரிய உருவமே. பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து அமுங்க, ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்துக் கொளுத்தும். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெவர்லே, டாட்ஜ் லாரிகள் இவ்வகையின. அவற்றில் காற்று ஏறத்தாழ ஆறரை மடங்கு அமுங்கினாலே போதும். டீசலில் பொறி இல்லை. சிலிண்டருக்குள் வந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்காக அமுக்குகிறது. அந்தக் காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. அப்போது நாஸில் வழியாகப் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எனவே பெட்ரோல் வண்டிக்கு அமுக்கம் குறைந்தால் வலிமை குறையும். டீசல் வண்டிக்கு அமுக்கம் குறைந்தால் நெருப்பே இல்லை. பற்றாத டீசல்தான் குளிர்ந்த காலையில் வெண்புகையாக வெளியே போகிறது.

இந்த எஞ்சினைக் கண்ட ருடால்ப் டீசல் (1858–1913), ஆக்ஸ்பர்க் நகரத்து இயந்திரத் தொழிற்சாலையில் 1893 முதல் 1897 வரை பாடுபட்டார். அந்தத் தொழிற்சாலையே பின்னர் மான் நிறுவனமாக வளர்ந்தது. ஆகவே, நம் ஊர்ச் சக்திமானின் வம்சாவளி நேரே டீசலின் வீட்டு வாசலுக்குப் போகிறது. 1893-இல் நடந்த அவரது முதற்சோதனையில் சிலிண்டருக்குள் நிகழ்ந்த வெடிப்பின் வேகத்தில், அழுத்தத்தைக் காட்டும் கருவியே சிதறிப் போயிற்று. டீசல் எஞ்சினில் அழுத்தம் அளப்பது விளையாட்டன்று என்பதை இதனால் அறியலாம்.

கதைக்கு வருவோம். பட்டியலைக் கண்டு கலங்கிய நண்பர், "கம்ப்ரஷன் பார்த்துவிட்டுச் சொல்" என்று மகனிடம் கூறினார். மிஸ்திரியும் இசைந்து, ஒரு நாள் விடியற்காலையில் தமது கேஜைக் கொண்டுவந்து அளந்தார். எண்களைக் குறித்துக்கொள்ளும் பணி நமக்கு வந்தது. எழுத்துப் பணி என்றால் குமாஸ்தாவைத்தானே அழைப்பார்கள்! சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில் நாம் எழுதிய எண்கள் இவை: முதல் சிலிண்டர் 15, இரண்டாவது 14½, மூன்றாவது 15, நான்காவது 9, ஐந்தாவது 14, ஆறாவது 15.

இவ்வகை டீசல் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் 20-க்கு மேல், 30-க்குள் காட்ட வேண்டும். ஆறுமே குறைவு. மிஸ்திரி நம்மைப் பார்த்துத் தலையசைத்தார். அன்று மாலையே நண்பர் நமது வீட்டிற்கு வந்து, பிராவிடண்ட் பண்டு முன்பணத்திற்கு மனு எழுதித் தருமாறு கேட்டார். அவருடைய கைகள் நடுங்கின. மனு எழுதுவது நமக்குக் கைவந்த கலை. காரணம், தொகை, உறுதிமொழி எல்லாம் பிழையில்லாமல் எழுதினோம். அந்தத் தாளில் இருந்த ஆறு எண்களை நாம் ஒரு கணமும் சந்தேகிக்கவில்லை. கையெழுத்து நம்முடையது; கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறது; வேறென்ன வேண்டும் என்று எண்ணினோம். இந்த இடத்தில் நாம் செய்தது தவறு என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறோம்.

நல்லூழாக, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் இல்லாததால் மனு நமது மேஜை மீதே கிடந்தது. அப்போது நம் காலனியில் இராணுவத்தின் பழுதுபார்க்கும் படைப்பிரிவான இ.எம்.இ.யில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். 1943-இல் தோன்றிய அந்தப் படைப்பிரிவில் வண்டிகளோடு வண்டியாக வாழ்ந்தவர். 'சுபேதார் ஐயா' என்றே அவரை நாம் எல்லோரும் அழைப்போம். கோயிலுக்குச் செல்லும் வழியில் அவரைக் கண்டு, பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லித் தாளையும் காட்டினோம்.

அவர் எண்களைப் பார்த்தார். பிறகு நம்மை வரிசையாகக் கேள்வி கேட்டார்.

"அளக்கும்போது எஞ்சின் சூடாக இருந்ததா?"

"இல்லை ஐயா, விடியற்காலை."

"பாட்டரி எத்தனை வயது? வேகமாகச் சுற்றியதா?"

"முனகிக்கொண்டுதான் சுற்றியது."

"காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார்களா? ஆறு நாஸில்களையும் கழற்றினார்களா, அல்லது ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார்களா?"

நமக்குப் பதில் தெரியவில்லை. நாம் கண்டதைச் சொன்னோம்: ஒவ்வொன்றாகத்தான் கழற்றி மாட்டினார்கள்.

"அப்படியானால் இது எஞ்சினின் கணக்கு அன்று, பாட்டரியின் கணக்கு. இந்தத் தாளை வைத்துக்கொண்டு பணம் எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார்.

அவர் அன்று விளக்கிய தர்க்கம் எளியது. ஆறு சிலிண்டர்களும் ஒரே அளவு தேய்வது அரிது. ஒன்று அதிகம் தேயும், ஒன்று குறைவாகத் தேயும். ஐந்து எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே தாழ்ந்து நிற்குமானால், ஐந்துக்கும் பொதுவான காரணம் ஒன்று உண்டா என்று முதலில் தேட வேண்டும். சோர்ந்த பாட்டரி, குளிரில் கெட்டிப்பட்ட எஞ்சின் ஆயில், தூசி அடைத்த வடிகட்டி ஆகியவை அத்தகைய பொதுக் காரணங்கள். பிஸ்டன் மெதுவாக ஏறினால், அமுங்கும் காற்றுக்கு இடுக்குகளின் வழியே கசிந்துபோக அவகாசம் கிடைத்துவிடும். சூடும் இரும்புச் சுவர்களில் இறங்கிவிடும். நல்ல எஞ்சினும் அப்போது கெட்டதாகத் தோன்றும்.

அன்று பிற்பகலே மறுசோதனை நடந்தது. இளைஞர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது, வரிசையாகச் சொல்கிறோம்.

முதலாவதாக, இரண்டு பாட்டரிகளையும் இறக்கி, இரவலாக வாங்கிய நல்ல பாட்டரிகளைப் பொருத்தினார்கள். லாரியை இழுத்துவிட்டு எழுப்பி, ரேடியேட்டர் நீர் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டினார்கள். இரண்டாவதாக, நாஸில்களைச் சுற்றியிருந்த அழுக்கைத் தூரிகையாலும் காற்றாலும் துடைத்தார்கள். அங்குள்ள மணல் உள்ளே விழுந்தால் சோதனையே நோயாகிவிடும். மூன்றாவதாக, ஆறு நாஸில்களையும் ஒருங்கே கழற்றி, எது எந்த சிலிண்டருக்கு உரியதோ அந்த வரிசையிலேயே ஒரு தூய துணியின் மீது வைத்தார்கள். எல்லாவற்றையும் கழற்றினால்தான் எஞ்சின் தங்குதடையின்றி, ஒரே வேகத்தில் சுழலும். நான்காவதாக, காற்று வடிகட்டியை அகற்றினார்கள். ஐந்தாவதாக, எஞ்சினை நிறுத்தும் கம்பியை இழுத்துக் கட்டி, பம்பு டீசல் அனுப்பாதவாறு செய்தார்கள். அந்தத் துளைகளுக்கு நேரே எவரும் முகத்தைக் காட்டலாகாது. பீச்சும் டீசல் கண்ணைக் கெடுக்கும்.

சுபேதார் ஐயா தமது கேஜை எடுத்துவந்தார். பெட்ரோல் எஞ்சினுக்கு உரிய கேஜ் இதற்கு உதவாது. பழைய பெட்ரோல் எஞ்சினில் 10 கிலோ காட்டினாலே பெரிது. டீசலில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு எழும். கருவி பழுதாகும், கையும் பழுதாகும். நாஸில் இருந்த இடத்தில், புதிய செப்பு வாஷர் வைத்து, கேஜின் முனையை இறுக்கமாகப் பொருத்தினார். "முள் மேலே ஏறுவது நிற்கும் வரை சுற்று, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை" என்று பையனிடம் கூறினார். நம்மிடம், "முதல் அழுத்தத்தில் முள் எங்கே நிற்கிறது, கடைசியில் எங்கே நிற்கிறது, இரண்டையும் எழுதுங்கள்" என்றார்.

எதற்கு இரண்டு எண்? நல்ல சிலிண்டரில் முள் முதல் அழுத்தத்திலேயே துள்ளி ஏறி, சில சுற்றுகளில் முழு அளவை எட்டிவிடும். ரிங் தேய்ந்திருந்தால் முதலில் தாழ்வாக நின்று, படிப்படியாக ஏறும். வால்வு சரியாக மூடாவிட்டால் தாழ்வாகத் தொடங்கித் தாழ்வாகவே நின்றுவிடும். முள் போகும் உயரத்தோடு, போகும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

நாம் எழுதிய இரண்டாவது தாளின் இறுதி எண்கள்: 25, 24, 25, 15, 24, 25.

கூடியிருந்தவர்கள் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. நண்பர் நமது தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஐந்து சிலிண்டர்கள் நலமாக இருந்தன. நான்காவது மட்டும் நோயுற்றிருந்தது. அதன் முள் தாழ்வாகத் தொடங்கித் தாழ்வாகவே நின்றது. மிக உயர்ந்த எண்ணுக்கும் மிகத் தாழ்ந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மூன்று நான்கு கிலோவுக்குள் இருப்பது நலம், இங்கே பத்து. காலைக் குளிரில் லாரி எழாததற்குக் காரணம், சோர்ந்த பாட்டரியும் இந்த ஒரு சிலிண்டரும் சேர்ந்துகொண்டதுதான்.

நோய் நான்காவது சிலிண்டரில் என்பது தெரிந்தது. நான்காவதில் எங்கே? பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலைத் துளை வழியே ஊற்றி மறுபடி அளப்பார்கள். ஆயில் ரிங்குகளைச் சுற்றி நின்று கசிவை அடைக்கும். எண் ஏறினால் குற்றம் ரிங்கில், ஏறாவிட்டால் வால்வில். டீசலில் பிஸ்டன் உச்சியை அடையும்போது மீதமிருக்கும் இடம் மிகச் சிறிது. ஊற்றிய ஆயிலே அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு பொய்யான எண்ணைக் காட்டும். அளவு மிஞ்சினால், அமுங்காத திரவத்தின் மீது பிஸ்டன் மோதி எஞ்சின் உடையவும் கூடும். எனவே சுபேதார் ஐயா வேறு வழியைக் கையாண்டார்.

நான்காவது பிஸ்டனை, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், உச்சிக்குக் கொண்டுவந்தார். காற்றின் தள்ளுதலில் எஞ்சின் சுழன்றுவிடாதபடி கியரில் போட்டுச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்தார்கள். பிறகு நாஸில் துளை வழியே கம்ப்ரஸர் காற்றை உள்ளே செலுத்தினார். "இப்போது கேளுங்கள். காற்று வெளியேறும் வழியில் ஒலி வரும். உள்ளிழுக்கும் குழாயில் கேட்டால் இன்லெட் வால்வு. புகைக்குழாயில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். நான்கு வாசல், ஒவ்வொன்றாகப் போய்க் கேளுங்கள்" என்றார்.

நாம் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தோம், நீர் அசையவில்லை. நண்பர் ஆயில் வாயில் காதை வைத்தார். மெல்லிய மூச்சு போன்ற ஒலி இருந்தது. அது ஐந்தாவது சிலிண்டரிலும் அவ்வளவே இருந்தது, அது இயல்பு. பையன் வண்டியின் அடியில் தவழ்ந்து, புகைக்குழாயின் முனையில் காதை வைத்தான். சிறிது நேரத்தில், "ஐயா, இங்கே சீறுகிறது!" என்று உரக்கக் கூவினான்.

ராக்கர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். நான்காவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வுக்கு டாப்பெட் இடைவெளி சிறிதும் இல்லை. நாளடைவில் வால்வு தன் இருக்கைக்குள் அமிழ, இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதை அவ்வப்போது சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வால்வு முழுதும் மூடாது. மூடாத வால்வின் விளிம்பைக் கனல் அரித்துவிடும். இடைவெளியைச் சரிசெய்து பார்த்தார்கள். சீற்றம் குறைந்ததே அன்றி நிற்கவில்லை. விளிம்பு கருகிவிட்டது என்பது உறுதியாயிற்று. அடுத்த வாரம் ஹெட்டைக் கழற்றி, அந்த வால்வை மாற்றி, இருக்கையை அரைத்து, மற்ற வால்வுகளையும் அரைத்துப் பொருத்தினார்கள். ஹெட் திறந்திருந்தபோது சுபேதார் ஐயா விளக்கைப் பிடித்து லைனர்களின் உட்சுவரைக் காட்டினார். தொழிற்சாலையில் இழைத்த குறுக்குக் கோடுகள் அப்போதும் தெரிந்தன. மாற்றச் சொன்ன ஆறு லைனர்கள் அவை!

பாட்டரிகள், வால்வு, கேஸ்கெட், கூலி யாவும் சேர்ந்து பழைய பட்டியலில் பத்தில் ஒரு பங்கும் ஆகவில்லை. மனுவை நாமே கிழித்துப் போட்டோம். நண்பரின் மகளுக்கு மறு தை மாதத்தில் இதே சங்க மண்டபத்தில் திருமணம் நடந்ததை உங்களில் பலர் கண்டிருக்கிறீர்கள். லாரி அதன்பின் ஆறு கோடைகள் தண்ணீர் சுமந்தது.

மிஸ்திரியைப் பற்றி ஒரு சொல். அவரைக் குறைகூற நாம் இதைச் சொல்லவில்லை. அவர் வஞ்சகர் அல்லர்; மறுசோதனையன்று அவரும் உடனிருந்து நாஸில்களைக் கழற்றினார்; இரண்டாவது தாளைக் கண்டதும் தம் பட்டியலைத் தாமே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவசரமாக அளந்தார், அவ்வளவே. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அளக்காமல் சொன்ன தீர்ப்பையாவது நாம் சந்தேகித்தோம். அதனால்தான் சோதனை நடந்தது. தவறாக அளந்த எண்ணையோ வேதவாக்காகக் கொண்டோம். எண்ணாக எழுதப்பட்டதனாலேயே அது உண்மையாகிவிடாது என்பதை, நாள்தோறும் எண்களோடு பழகும் நாம் அன்றுதான் கற்றோம்.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்லாவிட்டால் நமது பேச்சு ஒருதலைப்பட்சமாகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, காலனியின் மற்றொரு குடும்பத்தார், இராணுவத்திலிருந்து வந்த ஒரு டன் நிஸ்ஸான் வண்டியை வாங்க எண்ணினார்கள். அது பெட்ரோல் எஞ்சின், ஆறு சிலிண்டர். பெயிண்ட் பளபளத்தது, ஓசையும் இனிமையாகவே இருந்தது. முன்பணம் கொடுக்கும் முன்பு சுபேதார் ஐயாவை அழைத்துச் சென்றார்கள். எஞ்சினைச் சூடாக்கி, ஆறு பிளக்குகளையும் கழற்றி, காயில் வயரைப் பிரித்து வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு அளந்தார். 5, 6, 4½, 5, 6, 5. இவ்வகை எஞ்சினில் 8-க்கு மேலாவது இருந்திருக்க வேண்டும். பாட்டரி வேகமாகத்தான் சுற்றியது. ஒரு கரண்டி ஆயில் ஊற்றி அளந்ததும் எல்லா எண்களும் 8-ஐ ஒட்டி ஏறின. ஆறிலும் ரிங்கும் சுவரும் தேய்ந்துவிட்டன. "வாங்க வேண்டாம்" என்றார். அவர்கள் வாங்கவில்லை. கேஜ் பழைய வண்டிக்குப் பரிந்து பேசுவதும் இல்லை, பகைத்துப் பேசுவதும் இல்லை. முறையோடு கேட்டால் உள்ளதைச் சொல்லும்.

இளைஞர்களே! நீங்கள் லாரி வாங்காமல் இருக்கலாம். ஆயினும் பழைய வண்டியோ, பழைய பம்பு எஞ்சினோ, ஏதோ ஒன்று உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு நாள் முனகிக்கொண்டு நிற்கும். அப்போது, பெரிய பட்டியலில் கையெழுத்திடும் முன்பு, அளந்தீர்களா என்று கேளுங்கள். அளந்தேன் என்றால், எவ்வாறு அளந்தீர்கள் என்று கேளுங்கள். சூடாக இருந்ததா, வேகமாகச் சுற்றியதா, காற்று தடையின்றி உள்ளே வந்ததா, எல்லாவற்றையும் ஒரே முறையில் அளந்தீர்களா என்ற நான்கு கேள்விகளையும் மறவாதீர்கள். எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது, எஞ்சின் எவ்வளவு முதுமை அடைந்தது என்பதை அந்தத் தாள் சொல்லும்.

சுபேதார் ஐயா இன்று நம்மிடையே இல்லை. அவருடைய கேஜையும், நாம் எழுதிய இரண்டு தாள்களையும் அவருடைய குடும்பத்தார் மனமுவந்து சங்கத்திற்கு அளித்திருக்கிறார்கள். அவை நூல்நிலையத்து அலமாரியின் கீழ்த் தட்டில் இருக்கின்றன. தேவைப்படுவோர் நூலகரிடம் கையெழுத்திட்டு எடுத்துச் செல்லலாம். துடைத்துத் திருப்பித் தர வேண்டும். அந்த லாரிக்காரப் பையன் இன்று இரு பிள்ளைகளுக்குத் தந்தை. ஞாயிறு மாலைகளில் வந்து, விரும்பும் இளைஞர்களுக்குச் சோதனை முறையைக் கற்றுத்தர இசைந்திருக்கிறான். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரைக் காணலாம்.